கடல் கடந்த மட்டக்குதிரை

குதிரை என்னும் சொல்லைக் கேட்டவுடன் போர்க்களத்தில் பாயும் பரியும், தேரிற் பூட்டிய புரவியும் நம் மனக்கண்முன் தோன்றும். இலக்கியங்களிற் புகழப்பெற்றவை பெரும்பாலும் உயர்ந்து நிமிர்ந்த குதிரைகளே. ஆயினும், உருவிற் சிறியனவாய், உழைப்பிற் பெரியனவாய் விளங்கும் குதிரைகளும் உலகில் உண்டு. அவற்றை நாம் மட்டக்குதிரை என்கிறோம். மட்டம் என்னும் சொல் அளவையும் குறிக்கும், தாழ்வையும் குறிக்கும். மட்டக்குதிரை என்னுமிடத்து அஃது உயரத்தின் குறைவைச் சுட்டுமேயன்றித் தரத்தின் குறைவைச் சுட்டாது.

மேலை நாட்டார் குதிரையின் உயரத்தைக் 'கை' என்னும் அளவால் அளப்பர். ஒரு கை என்பது 4 அங்குலம். குதிரையின் தலை உச்சிவரை அளப்பதில்லை. கழுத்தும் முதுகும் கூடுகின்ற தோள்மேடு வரையிலேயே அளப்பர். பொதுவாக 14 கை 2 அங்குலத்துக்கு மேற்படாத இனங்களை மட்டக்குதிரைகள் என வழங்குவர். அவற்றுள்ளும் மிகச் சிறியவற்றுள் ஒன்று ஷெட்லாந்து மட்டக்குதிரை. அதன் உயரம் 42 அங்குலத்துக்கு மேற்படலாகாது என்பது அதன் தாய்நாட்டு விதி. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அதன் அருகில் நின்றால், அதன் முதுகின்மேற் கையூன்றிக்கொண்டு அப்பால் உள்ளவற்றைப் பார்க்கலாம். இச்சிறு குதிரை கடல் கடந்து புதியதொரு நாட்டுக்குச் சென்றதும், அங்கே அதற்கென ஒரு சங்கம் தோன்றியதும், அச்சங்கம் உயர்வும் தாழ்வும் கண்டதும் நாம் அறியத்தக்க வரலாறு ஆகும்.

ஸ்காட்லாந்தின் வடகோடிக்கும் அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலும் வடகடலும் கூடுமிடத்தில், ஏறத்தாழ 100 தீவுகள் கூட்டமாகக் கிடக்கின்றன. அவையே ஷெட்லாந்துத் தீவுகள். அவற்றுள் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ 16. வட அகலக்கோடு 60 பாகையில் அமைந்த அந்நிலத்தில் காற்று ஓயாது வீசும். மரங்கள் அரியவை. குன்றுகளில் குட்டையான புற்களும் புதர்ச்செடிகளுமே விளையும். குளிர்காலத்தில் அவையும் அருகிவிடும். அப்போது குதிரைகள் கடற்கரைக்கு இறங்கி, அலை ஒதுக்கிய கடற்பாசியைத் தின்று உயிர் வாழும்.

இத்தகைய நிலத்திற் பெரிய உடலுக்கு வேண்டிய இரை கிடைப்பது அரிது. குறைந்த உணவால் நிறைந்த வலிமை பெறவல்ல சிறிய உடல்களே தலைமுறை தலைமுறையாக நிலைத்தன. குட்டையான கால்களும் சிறிய காதுகளும் உடலின் வெப்பத்தை வீணே போக்குவதில்லை. குளிர் தொடங்கியவுடன் இரண்டு அடுக்காக அடர்ந்த உரோமம் வளரும். பிடரி மயிரும் வால் மயிரும் மழைநீரை உடலிற் படியாமல் வடித்துவிடும். இவ்வாறு ஷெட்லாந்துக் குதிரையின் வடிவத்தை முதலில் வகுத்தது மனிதனுடைய விருப்பம் அன்று. அந்நிலமும் அக்காலநிலையுமே ஆகும்.

அத்தீவுகளின் குடியானவர்கள் சிறு நிலத்தையும், மீன்பிடி தொழிலையும் நம்பி வாழ்ந்தவர்கள். அடுப்பெரிப்பதற்கு மரம் இல்லாமையால், சதுப்பு நிலத்திற் புல்லும் பாசியும் மட்கி இறுகிய எரிமண்ணை வெட்டி உலர்த்திப் பயன்படுத்தினர். அந்த எரிமண்ணைக் கூடைகளில் நிரப்பி, முதுகின் இருபுறமும் தொங்கவிட்டு, வழுக்கும் சரிவுகளில் இறக்கிக் கொணர்ந்தவை இக்குதிரைகளே. வயலுக்கு உரமாகும் கடற்பாசியைச் சுமந்தவையும் அவையே. அவற்றின் வால் மயிர் தூண்டிற் கயிறாகத் திரிக்கப்பட்டது. ஊர்ப் பொதுமேய்ச்சல் நிலத்தில் அனைவருடைய குதிரைகளும் கலந்து மேய்ந்தன. எந்தக் குட்டி எந்தத் தாயினுடையது என்பதை ஊரார் அனைவரும் அறிந்திருந்தனர். அதனை எழுதி வைக்கவேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் யார்க்கும் தோன்றவில்லை. தோன்றவேண்டிய தேவையும் இல்லை.

அத்தேவையை உண்டாக்கியது தொலைவில் நடந்த ஒரு துயரம். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் அந்நாளிற் சிறுவரும் சிறுமியரும் வேலை செய்தனர். தாழ்ந்த சுரங்க வழிகளிற் குனிந்தும் தவழ்ந்தும் அவர்கள் கரிவண்டிகளை இழுத்தனர். 1838 ஆம் ஆண்டில் யார்க்ஷயர்ப் பகுதியிலுள்ள ஹஸ்கர் என்னும் சுரங்கத்தில், பெருமழையால் வெள்ளம் புகுந்து 26 குழந்தைகள் மூழ்கி இறந்தனர். நாட்டின் மனச்சான்று விழித்தது. ஆணையம் ஒன்று சுரங்கங்களின் நிலையை ஆராய்ந்தது. அதன் பயனாக, பெண்களையும், பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் நிலத்தின்கீழ் வேலைக்கு அமர்த்தலாகாது என 1842 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது.

குழந்தைகள் வெளியேறிய இடத்தில் வண்டிகளை யார் இழுப்பது? தாழ்ந்த வழிகளிற் புகத்தக்க சிறிய உடலும், பளுவை இழுக்கத்தக்க வலிமையும் வாய்ந்த உயிரைச் சுரங்க உரிமையாளர் தேடினர். ஷெட்லாந்துக் குதிரை அவர்கள் கண்ணிற் பட்டது. ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலேற்றப்பட்டுத் தெற்கே சென்றன. அவற்றுட் பல, சுரங்கத்தினுள் இறங்கிய பின்னர் ஆண்டுக்கணக்கில் பகலவனைக் காணாமலே உழைத்தன. குழந்தைகளைக் காத்த அறம் போற்றற்குரியதே. ஆயினும், அந்தச் சுமை வாயில்லா உயிரொன்றின் தோளுக்கு மாறியது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. 1913 ஆம் ஆண்டளவிற் பிரிட்டனின் சுரங்கங்களில் ஏறத்தாழ 70,000 குதிரைகள் வேலை செய்தன. அவற்றைக் காக்கும் விதிகளும் 1911 ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தன.

சுரங்க வேலைக்கு ஆண் குதிரைகளையே விரும்பி வாங்கினர். அவற்றுள்ளும் உடற்கட்டு மிக்கவற்றுக்கே நல்ல விலை கிடைத்தது. எனவே, தீவுகளிலிருந்த சிறந்த ஆண் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின; விலைபோகாத மெலிந்தவையே இனத்தைப் பெருக்க எஞ்சின. விதைநெல்லை விற்றுப் பதரை விதைத்த கதையாயிற்று. இந்நிலையில், லண்டன்டெரிப் பிரபு என்பார் 1870 ஆம் ஆண்டை ஒட்டிப் பிரெஸ்ஸே, நாஸ் என்னும் இரு தீவுகளில் நிலம் எடுத்துத் தேர்ந்த குதிரைகளை வளர்க்கத் தொடங்கினார். டர்ஹம் பகுதியில் இருந்த தம் சுரங்கங்களுக்குத் தேவையான, குட்டைக் காலும் பருத்த எலும்பும் உடைய குதிரைகளைப் பெறுதலே அவர் நோக்கம். அவர் வளர்த்தவற்றுள் ஜாக் என்னும் பொலிகுதிரை பெரும்புகழ் பெற்றது. இன்றுள்ள ஷெட்லாந்துக் குதிரைகள் பலவற்றின் குலவழி அதனிடம் சென்று சேரும். அப்பண்ணை 1899 ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டது. குதிரைகள் பலர் கைக்கு மாறின.

ஓர் இனத்தின் குலவழியை எழுதிவைக்கும் ஏட்டைக் குலப்பதிவேடு எனலாம். இங்கிலாந்தின் பந்தயக் குதிரைகளுக்கென 1791 ஆம் ஆண்டில் அத்தகைய ஏடு முதன்முதலாக அச்சாயிற்று. கால்நடைகளுள் ஷார்ட்ஹார்ன் என்னும் மாட்டினத்துக்கு 1822 ஆம் ஆண்டில் ஏடு வெளிவந்தது. அவ்வழியைப் பின்பற்றிப் பிற இனங்களுக்கும் ஏடுகள் தோன்றின. ஏட்டில் ஒவ்வொரு விலங்கின் பெயரும், எண்ணும், நிறமும், பிறந்த நாளும், தந்தை தாயர் பெயர்களும், வளர்த்தவர் பெயரும் குறிக்கப்பெறும். தந்தை தாய் இரண்டும் ஏட்டில் இருந்தாலன்றிக் குட்டிக்கு அதில் இடமில்லை என்று விதித்துவிட்டால், அதனை மூடிய ஏடு என்பர். குறித்த சில பிற இனக் கலப்புக்கும் இடமளித்தால், அதனைத் திறந்த ஏடு என்பர்.

ஓலைச்சுவடியைப் படியெடுப்போர் இதன் அருமையை நன்கு உணர்வர். ஒரு சுவடியைப் பார்த்து மற்றொரு சுவடி எழுதப்படுகிறது. அதைப் பார்த்து வேறொன்று. இடையில் ஒருவர் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவிடின், அவருடைய சுவடிக்குப் பின்வந்த எல்லாச் சுவடிகளிலும் அப்பிழை தொடரும். எந்தச் சுவடி எதனின்று படியெடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இருந்தால், பிழை புகுந்த இடத்தைக் கண்டு மூலபாடத்தை மீட்கலாம்; அக்குறிப்பு இல்லையேல் திகைக்கவேண்டியதே. குதிரையின் குலப்பதிவேடும் அத்தன்மையதே. அதில் எழுதப்பட்ட பொய் ஒரு குதிரையோடு நில்லாது. அதன் வழிவந்த நூறு குதிரைகளையும் பற்றும்.

இனி, புதிய நாட்டுக்குச் செல்வோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் ரயில் பாதைகள் நீண்டு, நடுமேற்குச் சமவெளிகள் விளைநிலங்களாகி, உழவர் செல்வம் பெற்றுவந்த காலம் அது. 1885 ஆம் ஆண்டில் ஈலை எலியட் என்பார் 75 ஷெட்லாந்துக் குதிரைகளை அந்நாட்டுக்குக் கொணர்ந்தார். வேறு சிலரும் இவ்வாறு கொணர்ந்து வளர்த்தனர். 1888 ஆம் ஆண்டில், இக்குதிரைகளை வளர்ப்போர் கூடி அமெரிக்க ஷெட்லாந்து மட்டக்குதிரைச் சங்கத்தை நிறுவினர். குலப்பதிவேட்டைத் தொகுத்து நடத்துவதே அதன் தலையாய பணியாயிற்று.

இங்கே ஒரு வியப்பு உண்டு. தாய்நாட்டிலே ஷெட்லாந்து இனத்துக்குக் குலப்பதிவேட்டுச் சங்கம் தோன்றியது 1890 ஆம் ஆண்டில்தான். பிரிட்டனின் மட்டக்குதிரை இனங்களுக்கென அமைந்த சங்கங்களுள் அதுவே முதலாவது. ஆயினும், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே அயல்நாட்டிற் சங்கம் எழுந்துவிட்டது. இதன் காரணம் எண்ணிப் பார்த்தால் விளங்கும். பிறந்த ஊரில் ஒருவனுக்கு அறிமுகச் சீட்டு வேண்டுவதில்லை; அவனுடைய பாட்டனையும் ஊரார் அறிவர். அயலூருக்குச் சென்றவனுக்கோ, தான் இன்னார் மகன் என்று காட்ட ஒரு சான்று வேண்டும். தீவில் இருந்தவன் குட்டியின் தாயை நேரே சென்று பார்க்கலாம். இல்லினாய் மாநிலத்து உழவன் அதனை எங்ஙனம் பார்ப்பான்? அவன் நம்பியிருக்கவேண்டியது எழுத்து ஒன்றையே. ஆகவே, எழுத்தின் தேவை புதிய நாட்டில் முதலில் உணரப்பட்டது.

அரசின் சட்டமும் அத்தேவையை வலியுறுத்தியது. 1890 ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சுங்கச் சட்டம், இனப்பெருக்கத்துக்காகக் கொணரப்படும் விலங்குக்கு வரிவிலக்கு அளித்தது. ஆனால், அவ்விலங்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட இனத்தைச் சார்ந்த தூய விலங்காகவும், அவ்வினத்தின் ஏட்டிற் பதியப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் எனவும் விதித்தது. இவ்வாறு ஏட்டிலுள்ள ஒரு வரி, வணிகனுக்குப் பொருள் தரும் வரியாயிற்று. பொருள் தருவதாயின், அதில் பொய் புகவும் இடமுண்டாகும் அன்றோ? ஆகவே, ஏட்டைக் காப்போரின் பொறுப்பும் பெருகிற்று.

புதிய நாட்டில் இக்குதிரையின் வாழ்வு பலவகையாக அமைந்தது. அங்கும் சில சுரங்கங்களில் உழைத்தது. எனினும், அதன் பெருந்தொண்டு குழந்தைகளுக்கே ஆயிற்று. உழவர் வீட்டுப் பிள்ளைகள் அதன்மேல் ஏறியும், அதனைச் சிறு வண்டியிற் பூட்டியும் பள்ளிக்குச் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சந்தா சேர்த்துத் தரும் சிறுவர்களுக்கு மட்டக்குதிரையைப் பரிசாகத் தருவதாகச் சில பத்திரிகைகள் விளம்பரம் செய்தன. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகன் ஆர்ச்சி நோயுற்றுக் கிடந்தபோது, அவனுக்கு மகிழ்வூட்டும்பொருட்டு அவனுடைய அல்காங்குவின் என்னும் மட்டக்குதிரையை வெள்ளை மாளிகையின் மின்தூக்கியில் ஏற்றி, மாடியிலிருந்த அவனது அறைக்கே அவன் தம்பி கொண்டுசென்றான் என்பர். நாட்டின் தலைவர் வீட்டிலும், உழவன் குடிலிலும் குழந்தைகளின் நெஞ்சம் ஒன்றே என்பதற்கு இது சான்றாகும்.

புதிய நாட்டின் செழுமையே இக்குதிரைக்குப் புதிய இடரையும் தந்தது. கடற்பாசியும் குட்டைப்புல்லும் தின்று பழகிய குலத்துக்கு, செழித்த புல்வெளி நஞ்சாதலும் உண்டு. அளவுக்கு மீறிச் சத்துள்ள புல்லைத் தின்றால், குளம்பின் உட்பகுதி அழன்று, நடக்கவொண்ணாத நோவு தோன்றும். மட்டக்குதிரைகளுக்கு இந்நோய் எளிதில் வரும். எனவே, அவற்றை வளர்ப்போர் இரையை அளந்து தருதல் கடமையாயிற்று. வறுமையில் வலிமை பெற்ற ஓர் உயிர், வளமையில் மெலிவது இயற்கையின் வியத்தகு இயல்புகளுள் ஒன்று.

இவற்றினும் பெரிய மாற்றம் மக்களின் சுவையினால் விளைந்தது. அந்நாட்டிற் குதிரைக் கண்காட்சிகள் பெருகின. நடுவரின் கண்ணைக் கவர்வது எது? பருத்த வயிறும் குட்டைக் காலும் அடர்ந்த மயிருமுடைய தீவுக் குதிரையன்று. நீண்ட கழுத்தை வளைத்து, முன்கால்களை மார்பளவு உயர்த்தி, தாளந்தவறாமல் ஓடும் ஒயிலான குதிரையே பரிசு பெற்றது. அத்தகைய நடையைப் பெறும்பொருட்டு, ஹாக்னி என்னும் வண்டிக்குதிரை இனத்தோடும், வெல்ஷ் இனத்தோடும், வேறு சிலவற்றோடும் ஷெட்லாந்துக் குதிரையைக் கலந்தனர். இவ்வாறு சில தலைமுறைகளிற் கால்கள் நீண்டன, எலும்பு மெலிந்தது, தலை சிறுத்தது. தாய்நாட்டில் 42 அங்குலம் எல்லையாயிருக்க, அமெரிக்கச் சங்கம் 46 அங்குலம் வரை இடமளித்தது. பெயர் ஒன்றாயினும் வடிவம் இரண்டாயிற்று.

இது முறையா, முறையன்றா? இரு பக்கத்தும் நியாயம் உண்டு. கலப்பை ஆதரித்தோர், "இந்நாட்டில் எரிமண் சுமக்கும் வேலை இல்லை, கடுங்காற்று வீசும் குன்றும் இல்லை. இங்குள்ள மக்கள் விரும்பும் வேலைக்கேற்ப இனம் மாறுவதே இயல்பு" என்றனர். நிலத்துக்கேற்ப உயிர் மாறுவது உண்மையே. தீவில் அக்குதிரை உருவானதும் அவ்வாறே. மறுத்தோரோ, "ஷெட்லாந்து என்னும் பெயர் ஒரு வாக்குறுதி. அப்பெயரை நம்பி வாங்குவோனுக்கு அவ்வினத்தின் குணங்கள் கிடைத்தல் வேண்டும். கண்காட்சிக்கு வேண்டிய குதிரை வேறாயின், அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமே" என்றனர். இதுவும் பொய்யன்று. இரு நியாயங்களுக்கு இடையே ஒரு சங்கம் செய்யத்தக்கது யாது என்பதே வினா.

அவ்வினாவுக்கு விடை காணுமுன்னர், வேறோர் அலை எழுந்தது. 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவில் ஷெட்லாந்துக் குதிரைகளின் விலை ஏறத் தொடங்கியது. பேர்பெற்ற பொலிகுதிரைகள் ஏலத்திற் பல்லாயிரம் டாலருக்குச் சென்றன. குழந்தைக்கென வாங்கியவர் குறைந்தனர். நாளை இதனினும் மிகுந்த விலைக்கு விற்கலாம் என்று வாங்கியவர் பெருகினர். குதிரையை நேசித்து வளர்த்தவர்களோடு, குதிரையின் இயல்பையே அறியாதவர்களும் பண்ணை வைத்தனர். ஒருவர் வாங்கியதை மற்றொருவர் வாங்கும்வரையில் எல்லோரும் செல்வராகவே தோன்றினர். ஆனால், இறுதியில் அக்குதிரையை உண்மையாக வேண்டும் ஒருவர் இருந்தாலன்றோ விலை நிற்கும்? 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை சரிந்தது. பொருள் இழந்தவர் பலர். தேவைக்கு மேற்பட்டுப் பிறந்த குதிரைகள் கேட்பாரற்று, அற்ப விலைக்கு விற்கப்பட்டன. பேராசையால் இழப்பெய்தியவன் மனிதன். அதனால் துன்புற்றதோ குதிரை.

இவ்வீழ்ச்சிக்குப் பின்னும் சங்கம் அழியவில்லை. அதற்குக் காரணம் அதனிடம் இருந்த ஏடே எனலாம். கலப்பு நிகழ்ந்த காலத்தும் எந்தக் குதிரைக்கு எந்த இனக் கலப்பு உண்டு என்பது குலவழியில் எழுதப்பட்டிருந்தது. ஆதலின், பழைய வடிவத்தை நாடியோர் அவ்வேட்டைப் புரட்டிக் கலப்புக்கு உட்படாத குலங்களைக் கண்டெடுக்க முடிந்தது. கலப்பை மறைத்து, எல்லாவற்றையும் தூயவை என்று எழுதியிருந்தால், மீட்கவேண்டியது எது என்பதே தெரியாமற் போயிருக்கும்.

சங்கம் தன் குதிரைகளை வகைப்படுத்தியது. உயர்ந்த நடையும் மெலிந்த உடலும் உடையவற்றைப் புதுமை வகை எனவும், பழைய அமைதியான இயல்பை ஓரளவு தாங்கியவற்றைச் செவ்விய வகை எனவும் பிரித்தது. அண்மைத் தலைமுறைகள் நான்கிலும் ஹாக்னி, வெல்ஷ் கலப்பின்றி, 42 அங்குலத்துக்கு உட்பட்டிருக்கும் குதிரைகளுக்கு அடித்தள வகை என்னும் தனிமுத்திரையும் அளித்தது. ஒவ்வொன்றுக்கும் கண்காட்சியில் தனித்தனிப் பிரிவு உண்டு. இவ்வாறு, மாறுவோர்க்கும் இடம், மாறாதோர்க்கும் இடம், ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவதற்கு இடமில்லை என்னும் நெறி அமைந்தது. முன்னர் எழுந்த வினாவுக்கு இதுவே அச்சங்கம் கண்ட விடை.

அச்சங்கத்தினின்று கிளைகளும் தோன்றின. 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில், 38 அங்குலத்துக்கு மேற்படாத சிறுகுதிரைகளுக்கென அமெரிக்கச் சிறுகுதிரைப் பதிவேட்டை அது தொடங்கியது. 34 அங்குலம் வரையிலுள்ளவை ஒரு பிரிவாகவும், அதற்கு மேற்பட்டவை மற்றொரு பிரிவாகவும் அதில் அமைந்தன. சங்கத்துக்கு வெளியேயும் ஷெட்லாந்துக் குருதி புதிய இனங்களைத் தோற்றுவித்தது. 1954 ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்தில் 'அமெரிக்காக்களின் மட்டக்குதிரை' என்னும் புள்ளி நிற இனத்துக்குச் சங்கம் நிறுவப்பட்டது. அவ்வினத்தின் முதற்குட்டி ஷெட்லாந்துப் பொலிகுதிரை ஒன்றுக்குப் பிறந்தது; அதன் உடலில் மனிதக் கை போன்ற கறுத்த அடையாளம் இருந்தமையால் 'கருங்கை' எனப் பெயர் பெற்றது.

ஏடு எல்லா நன்மையையும் தானே செய்துவிடும் என்று கருதுதல் கூடாது. ஒரு சில குதிரைகளின் வழியே இனம் பெருகும்போது, அவற்றின் மறைந்திருக்கும் குறைகளும் பெருகும். தந்தை தாய் இருவரிடத்தும் மறைவாக இருந்த குறை குட்டியிடம் வெளிப்படும். ஷெட்லாந்து இனத்திற் சில குட்டிகள் கால் எலும்பு கோணி, நிற்கமாட்டாமற் பிறப்பதுண்டு. சிறுகுதிரைகளிடையே குறள் வடிவக் கேடு காணப்படுகிறது. இந்நாளில் அறிவியலறிஞர் இவற்றுக்குரிய மரபணுக் குறைகளைக் கண்டறிந்துள்ளனர். உரோமத்தின் வேர்கள் சிலவற்றைக் கொண்டே, ஒரு குதிரை அக்குறையைத் தாங்கியுள்ளதா என்றும், அதன் தந்தை தாய் இன்னவை என்றும் சோதித்து அறியலாம். முன்னாளில் வளர்ப்போனின் சொல்லை நம்பி எழுதிய ஏட்டுக்கு, இன்று உயிரினுள்ளேயே எழுதப்பட்ட எழுத்து சான்று பகர்கிறது. ஆயினும், சோதனையின் முடிவை மறையாது எழுதுவதற்கு வேண்டுவது பழைய நேர்மையே.

தாய்நாட்டின் செய்தியையும் சிறிது கூறி முடிப்போம். 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஷெட்லாந்துத் தீவுகளின் பொதுமேய்ச்சல் நிலங்களில் தேர்ந்த பொலிகுதிரைகளையே விடுவதற்குப் பொருளுதவி அளிக்கும் திட்டம் ஏற்பட்டது. சுரங்க வணிகம் பறித்துச் சென்ற நலத்தை மீண்டும் நிலைநிறுத்த எடுத்த முயற்சி அது. சுரங்கங்களில் இயந்திரங்கள் பெருகவே குதிரைகள் படிப்படியாக விடுதலை பெற்றன. நார்தம்பர்லாந்தின் எல்லிங்டன் சுரங்கத்தில் இறுதிவரை இருந்த குதிரைகள் 1994 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று வெளிச்சத்துக்கு வந்தன. இன்று ஷெட்லாந்துக் குதிரை உலகின் பல நாடுகளிற் குழந்தைகளின் தோழனாக விளங்குகிறது. அமெரிக்கச் சங்கமும் இல்லினாய் மாநிலத்து மார்ட்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, நூற்றாண்டைக் கடந்து தன் ஏட்டைக் காத்துவருகிறது.

இவ்வரலாறு சிறியதொரு விலங்கைப் பற்றியதாயினும், அது நமக்கு உணர்த்தும் உண்மை சிறியதன்று. புதிய நாட்டிற் குடியேறும் எதுவும் சிறிதேனும் மாறாமல் இருப்பதில்லை. மாற்றத்தை முற்றிலும் தடுத்தல் இயலாது, தடுக்கவேண்டுவதும் இல்லை. ஆனால், எது மாறிற்று, எப்போது மாறிற்று, எதனால் மாறிற்று என்பதை உள்ளவாறு எழுதி வைத்தல் நம்மால் இயலும். அவ்வாறு எழுதிவைத்த தலைமுறை தவறு செய்தாலும், அடுத்த தலைமுறை அத்தவற்றைத் திருத்திக்கொள்ள வழியுண்டு. மறைத்து எழுதிய தலைமுறை, தன் தவற்றோடு பிறர் திருத்தும் வழியையும் அடைத்துவிடுகிறது. முப்பத்தெட்டு அங்குலக் குதிரைக்கும், நாற்பத்தாறு அங்குலக் குதிரைக்கும் உரிய இடத்தை வரையறுத்துக் கொடுத்தது ஓர் அளவுகோல். அவ்வளவுகோலைச் சாய்க்காமற் பிடித்த கையின் உறுதியே அச்சங்கத்தின் உயிர்நிலை ஆகும்.